வீட்டுக் கணக்கும் தள வரைபடமும்

வீட்டைச் சுற்றி எழும் கேள்விகளில் பெரும்பாலானவை கணிதக் கேள்விகளே. கூடத்துக்கு எத்தனை டைல் வாங்க வேண்டும், நான்கு சுவர்களுக்கு எவ்வளவு வண்ணம் தேவைப்படும், விலை பேசப்படும் சதுர அடியில் உண்மையில் காலை ஊன்றி நிற்கக்கூடிய இடம் எவ்வளவு, மொட்டைமாடியில் பெய்யும் மழை தொட்டியில் அடங்குமா, புது பீரோ அறைக்குள் நுழையுமா என்று கேட்கும் ஒவ்வொருவரும் ஒரு நீளத்தையோ ஒரு பரப்பையோ ஒரு கனஅளவையோ கேட்கிறார். இவற்றுக்கு விடைகாண எட்டாம் வகுப்புவரை கற்ற சூத்திரங்கள் பெரும்பாலும் போதும். ஆயினும் எந்தக் கேள்விக்கு எந்தச் சூத்திரம் பொருந்தும் என்று தேர்வதில்தான் கணக்கு தவறிப்போகிறது. நீளத்தால் தீர வேண்டியதைப் பரப்பால் தீர்ப்பதும், உள்ளளவால் தீர வேண்டியதை வெளியளவால் தீர்ப்பதுமே வீட்டுக் கணக்குகளில் திரும்பத் திரும்ப நேரும் பிழைகள். அந்தத் தேர்வைக் கண்ணெதிரே வைத்துச் சரிபார்க்க உதவும் கருவியே தள வரைபடம்.

தள வரைபடம், அதாவது கட்டுமானத் தொழிலில் 'பிளான்' என்று சொல்லப்படுவது, கட்டடத்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு அடி உயரத்தில் கிடைமட்டமாக வெட்டி, மேற்பகுதியை அகற்றிவிட்டு நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும் உருவத்தைக் குறிப்பிட்ட அளவில் சுருக்கி வரைந்ததாகும். சுவர்கள் தடித்த கோடுகளாகவும், கதவுகள் திறக்கும் திசையைக் காட்டும் வில்களாகவும், சன்னல்கள் சுவருக்குள் மெல்லிய கோடுகளாகவும் அதில் தெரிவது இந்த வெட்டினால்தான். இத்தகைய படம் மிகப் பழமையானது. இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் இருந்த லகாசு நகரை ஏறத்தாழ கி.மு. 2100-இல் ஆண்ட குடேயாவின் சிலையொன்று, கோயில் வளாகத்தின் தள வரைபடத்தை மடியில் ஏந்தியபடி, பக்கத்தில் அளவுகோலுடன் பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரைபடமும் அளவுகோலும் ஒரே மடியில் இருப்பது தற்செயலன்று. அளவுகோல் இல்லாத வரைபடம் வெறும் ஓவியமாகவே நின்றுவிடும்.

சுருக்கமும் அதன் இருபடியும்

வரைபடத்தின் மூலையில் 1:100 என்று எழுதியிருந்தால், தாளில் ஒரு செ.மீ. என்பது தரையில் 100 செ.மீ., அதாவது ஒரு மீட்டர் என்று பொருள். 1:50 என்றால் தாளில் இரண்டு செ.மீ. ஒரு மீட்டரைக் குறிக்கும். நீளத்துக்கு இந்த விகிதம் நேராகப் பொருந்தும். பரப்புக்கோ விகிதத்தின் இருபடி பொருந்தும். 1:50 படத்தில் ஒரு சதுர செ.மீ. என்பது 50-ஐ 50-ஆல் பெருக்கிய 2,500 சதுர செ.மீ., அதாவது கால் சதுர மீட்டர் ஆகும். இதை அரைச் சதுர மீட்டர் என்று கொண்டால் கிடைக்கும் விடை உண்மையைப் போல இரு மடங்காகிவிடும்.

இக்காலத்தில் வரைபடங்கள் கைப்பேசி வழியாகவே பெரும்பாலும் வந்து சேர்வதால் மற்றொரு சிக்கலும் எழுகிறது. தாளின் அளவுக்கேற்பச் சுருக்கி அச்சிட்ட உடனே, மூலையில் எழுதிய 1:100 பொய்யாகிவிடுகிறது. எண்ணாக எழுதிய விகிதத்தை நம்பாமல், படத்தோடு சேர்ந்து சுருங்கும் கோட்டளவையையோ அகலம் தெரிந்த ஒரு கதவையோ துணைகொள்வதே பாதுகாப்பானது. 90 செ.மீ. கதவு தாளில் 7.5 மி.மீ. நீளமாகத் தெரிந்தால், படம் 1:120 அளவுக்குச் சுருங்கியிருக்கிறது என்று வகுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

பரப்பு போதாத இடம்: டைல்

உள்ளளவில் 4 மீட்டர் நீளமும் 3.4 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். இதன் பரப்பு 13.6 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 146 சதுர அடி. கடைகளில் 'இரண்டுக்கு இரண்டு' என்று விற்கப்படும் டைல் பெரும்பாலும் 600 மி.மீ. சதுரம், அதன் பரப்பு 0.36 சதுர மீட்டர். 13.6-ஐ 0.36-ஆல் வகுத்தால் 37.8 கிடைப்பதால், 38 டைல் போதும் என்று பரப்புக் கணக்கு சொல்லும்.

அந்த அறையைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து டைல்களை ஒவ்வொன்றாக அடுக்கினால் விடை மாறுகிறது. நீளவாக்கில் ஆறு முழு டைல்கள் 3.6 மீட்டரை நிரப்பி 40 செ.மீ. எஞ்சும், அகலவாக்கில் ஐந்து முழு டைல்கள் 3 மீட்டரை நிரப்பி அங்கும் 40 செ.மீ. எஞ்சும். நடுவில் முழு டைல்கள் 30 அமர்ந்தபின், ஒரு பக்கப் பட்டைக்கு ஐந்தும், மற்றொரு பக்கப் பட்டைக்கு ஆறும், மூலைக்கு ஒன்றும் வெட்ட வேண்டும். 60 செ.மீ. டைலில் 40 செ.மீ. எடுத்தபின் எஞ்சும் 20 செ.மீ. துண்டு வேறொரு 40 செ.மீ. இடத்துக்கு உதவாது என்பதால், ஒவ்வோர் இடத்துக்கும் தனி டைல் வேண்டும். எனவே மொத்தம் 42. பரப்புக் கணக்கைவிட நான்கு கூடுதல். டைல் போடுபவர்கள் பத்து விழுக்காடு சேதாரம் சேர்த்து வாங்கச் சொல்வதன் பின்னால் இருக்கும் வடிவியல் இதுதான். வேறு அளவுள்ள அறையில் இந்தச் சேதாரம் மிகக் குறைவாகவும் இருக்கலாம் என்பதால், விழுக்காட்டை நம்புவதைவிட அறையை வரைந்து எண்ணுவதே சரியான விடை தரும்.

படம் இன்னொரு விடையையும் தருகிறது. வெட்டி எஞ்சிய 20 செ.மீ. அகலத் துண்டுகள், மூலை டைலிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து, 12 இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், 60 செ.மீ. நீளமும் 10 செ.மீ.-க்குச் சற்றே குறைந்த உயரமும் உள்ள 24 துண்டுகள் கிடைக்கும்; இவற்றின் மொத்த நீளம் 14.4 மீட்டர். சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டைக்கு அறையின் சுற்றளவான 14.8 மீட்டரில் 90 செ.மீ. கதவைக் கழித்து 13.9 மீட்டரே தேவை. உடைவுக்கென ஓரிரு டைல்களைத் தனியே வைத்துக்கொண்டால், சேதாரம் என்று ஒதுக்கப்படவிருந்ததே ஸ்கர்ட்டிங் வேலையை முடித்துவிடும். பரப்பை மட்டும் எழுதிய கணக்கில் இந்தச் சேமிப்பு ஒருபோதும் தெரிந்திருக்காது.

சுற்றளவு ஆளும் இடம்: சுவர்

சுவருக்கு வண்ணம் பூசும் செலவைத் தரைப் பரப்பை மூன்றாலோ மூன்றரையாலோ பெருக்கிச் சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. சுவரின் பரப்பைத் தீர்மானிப்பது தரையின் பரப்பன்று. அறையின் சுற்றளவும் உயரமுமே. மேற்கண்ட அறையின் உயரம் 3 மீட்டர் என்றால், சுற்றளவான 14.8-ஐ 3-ஆல் பெருக்க 44.4 சதுர மீட்டர் வரும். அதில் 0.9-க்கு 2.1 மீட்டர் கதவு ஒன்றையும், 1.2 மீட்டர் சதுரச் சன்னல்கள் இரண்டையும் கழித்தால், ஏறத்தாழ 39.6 சதுர மீட்டர் எஞ்சும். இது தரையைப் போல 2.9 மடங்கு. இப்போது அதே 13.6 சதுர மீட்டரை 6.8-க்கு 2 மீட்டர் என்னும் நீண்ட அறையாக வரைந்து பார்த்தால், சுற்றளவு 17.6 மீட்டராக உயர்ந்து, திறப்புகளைக் கழிக்கும் முன்பே சுவர்ப் பரப்பு 52.8 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. தரை மாறவில்லை, சுவரோ ஏறத்தாழ 19 விழுக்காடு கூடிவிட்டது. சதுரத்தை நெருங்கும் அறைக்குச் செங்கல்லும் பூச்சும் வண்ணமும் குறைவாகவே ஆகும் என்ற உண்மை, சுற்றளவு பற்றிய பள்ளிப் பாடத்தின் நேரடி விளைவாகும்.

இரண்டு சன்னல்கள் என்று மேலே கொண்டதற்கும் கணக்கு உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் சன்னல் முதலான திறப்புகள் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும், வறண்ட வெப்பப் பகுதிகளில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றும் இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்துள்ளது. சென்னை போன்ற கடலோர நகரில் 13.6 சதுர மீட்டர் அறைக்கு 2.27 சதுர மீட்டர் திறப்பு வேண்டும், 1.44 சதுர மீட்டர் கொண்ட ஒரே சன்னல் போதாது. வரைபடத்தைக் கையில் வாங்கியதும் ஒவ்வோர் அறைக்கும் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்ப்பவர், புழுக்கமான அறையைச் சுவர் எழும்பும் முன்பே கண்டுகொள்வார்.

எந்தச் சதுர அடி?

வெளியளவில் 9 மீட்டருக்கு 8 மீட்டர் உள்ள வீட்டின் பரப்பு 72 சதுர மீட்டர், ஏறத்தாழ 775 சதுர அடி. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், அதாவது 23 செ.மீ. தடிமன் என்றால், இரு புறமும் கழிபட்டு உள்ளளவு 8.54-க்கு 7.54 மீட்டராகச் சுருங்குகிறது; பரப்பு 64.4 சதுர மீட்டர், ஏறத்தாழ 693 சதுர அடி. 82 சதுர அடி, அதாவது ஒரு சிறு அறை, வெளிச்சுவருக்குள்ளேயே மறைந்திருக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இந்த வேறுபாடு பணமாகிறது. படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்துச் சொல்லப்படும் பரப்பைக் கொண்டு விலை பேசுவது நெடுநாள் வழக்கமாக இருந்துவந்த நிலையில், 2016-ஆம் ஆண்டின் மனை விற்பனை ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் 'கார்ப்பெட் ஏரியா' என்பதற்குத் தெளிவான வரையறை தந்தது. அதன்படி வெளிச்சுவர்கள், குழாய்கள் செல்லும் சேவைக் குழிகள், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி, திறந்த மாடி ஆகியவை நீங்கிய பயன்பாட்டுப் பரப்பே கார்ப்பெட் ஏரியா. உள்ளே அறைகளைப் பிரிக்கும் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். அறைகளின் உள்ளளவுப் பரப்புகளைக் கூட்டி, தடுப்புச் சுவர்களின் பரப்பையும் சேர்த்து, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட எண்ணோடு ஒப்பிடுவது அரை மணி நேர வேலைதான். பல லட்சம் ரூபாய் கைமாறும் முன் அந்த அரை மணி நேரத்தை எவரும் தவிர்க்கக் கூடாது.

கோணலான மனை

கட்டடத்தை விட மனையில்தான் கணக்குப் பிழை பெரிதாகிறது. நான்கு பக்கமும் சமமில்லாத மனைக்கு, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு சராசரிகளையும் பெருக்கிப் பரப்பு சொல்லும் முறை இன்றும் பேச்சில் இருக்கிறது. கி.பி. 628-இல் 'பிரம்மஸ்புட சித்தாந்தம்' எழுதிய பிரம்மகுப்தர் இம்முறையைத் தோராயமானது என்று குறித்துவிட்டு, நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும் நாற்கரத்துக்கான துல்லியமான சூத்திரத்தை அடுத்து வைத்தார். தோராய முறையின் பிழைக்குத் திசையும் உண்டு: மனை செவ்வகமாக இல்லாவிட்டால், அம்முறை எப்போதும் உண்மையைவிடக் கூடுதலான பரப்பையே காட்டும். ஆகவே அதனால் இழப்பவர் எப்போதும் வாங்குபவரே.

40 அடி, 30 அடி, 40 அடி, 30 அடி என்று பக்கங்கள் உள்ள மனைக்குச் சராசரி முறை 1,200 சதுர அடி சொல்லும். மனை செவ்வகமானால் மூலைவிட்டம் சரியாக 50 அடி இருக்கும்; மனை சாய்ந்திருந்து ஒரு மூலைவிட்டம் 60 அடியாக இருந்தால், அது 30, 40, 60 அடிப் பக்கங்கள் கொண்ட இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது. பக்கங்கள் மூன்றும் தெரிந்த முக்கோணத்துக்கு, கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈரோனின் பெயரால் வழங்கும் சூத்திரம் உதவும்: பக்கங்களின் கூட்டுத்தொகையில் பாதி 65, அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 35, 25, 5, இந்த நான்கு எண்களின் பெருக்கற்பலனான 2,84,375-இன் வர்க்கமூலம் 533.3. இரண்டு முக்கோணங்களுக்கும் சேர்த்து 1,066.5 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இல்லாத 133.5 சதுர அடிக்கு நான்கு லட்சம் ரூபாய் கொடுக்க நேரும். நான்கு பக்க அளவுகள் மட்டும் ஒரு நாற்கரத்தின் பரப்பைத் தீர்மானிப்பதில்லை; ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டமும் வேண்டும். நில அளவைத் துறையின் புலப்படத்தில் மனையின் குறுக்கே கோடுகள் வரைந்து அளவு எழுதியிருப்பது இதனால்தான். அடித்தளம் தோண்டும் முன் கொத்தனார் கயிற்றில் 3, 4, 5 அடி அளந்து மூலையைச் செங்கோணமாக்குவதும், பின்னர் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று டேப் பிடித்துப் பார்ப்பதும் இதே வடிவியலின் நடைமுறை வடிவங்களே.

மழையைத் தாளில் அளத்தல்

ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மி.மீ. மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். எனவே 72 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 50 மி.மீ. மழை 3,600 லிட்டர் தரும். 2 மீட்டர் நீளமும், அகலமும் ஆழமும் ஒன்றரை மீட்டரும் கொண்ட சம்ப் 4,500 லிட்டர் கொள்ளும் என்பதால், அந்த மழையை அது தாங்கும். சென்னையின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. என்று கொண்டால், அதே மாடியில் ஓராண்டில் விழுவது ஒரு லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் வழிந்தும் போனாலும் 80,000 லிட்டர் மிஞ்சும். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்னும் நகர்ப்புற அளவின்படி, இது நால்வர் குடும்பத்துக்கு ஏறத்தாழ 148 நாள் நீராகும். அதன் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களில் கொட்டித் தீர்வதால், சம்ப்பில் அடங்காததை நிலத்துக்குள் இறக்கும் குழியும் வேண்டும். 2003-இல் தமிழகக் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதன் நியாயம் இந்தப் பெருக்கலிலேயே தெரிகிறது.

சரிவான ஓட்டுக் கூரைக்கு ஒரு நுட்பம் உண்டு. கூரை எவ்வளவு சரிந்திருந்தாலும், அது ஏந்தும் மழையைத் தீர்மானிப்பது தள வரைபடத்தில் தெரியும் கிடைப்பரப்பே. வாங்க வேண்டிய ஓட்டைத் தீர்மானிப்பதோ சரிந்த பரப்பு. 30 பாகைச் சரிவில் ஓட்டுப் பரப்பு கிடைப்பரப்பைவிட 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும். மழை நீரோ கூடாது.

திருப்பங்களும் வாசல்களும்

மூன்றடி அகல நடைவழி செங்கோணமாகத் திரும்பி மற்றொரு மூன்றடி நடைவழியில் சேரும் இடத்தில், மெல்லிய குழாய் ஒன்றைக் கிடைமட்டமாகக் கொண்டுசெல்ல முடிந்த உச்ச நீளம் ஏறத்தாழ எட்டரை அடி. பத்தடிக் குழாயைச் சாய்த்துப் பிடித்தால்தான் அந்த மூலையைக் கடக்க முடியும். இந்தக் கேள்வியையே அகலமுள்ள பொருளுக்கு விரித்து, ஒரு மீட்டர் அகல நடைவழித் திருப்பத்தைக் கடக்கக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன என்று 1966-இல் லியோ மோசர் கேட்டார். 1992-இல் ஜோசப் கெர்வர் 2.2195 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு வடிவத்தைத் தந்தார். அதைவிடப் பெரியது இல்லை என்பதற்கான நிறுவலை ஜினியோன் பேக் 2024-இல்தான் வெளியிட்டார். வீடு மாறும் எவருக்கும் எழும் கேள்வி, கணிதவியலாளர்களை அரை நூற்றாண்டுக்கு மேல் உழைக்க வைத்திருக்கிறது.

வீட்டில் இதற்கு எளிய வழி, சோபாவையும் கட்டிலையும் அதே அளவுகோலில் அட்டையில் வெட்டி, வரைபடத்தின் மேல் நகர்த்திப் பார்ப்பது. உயரத்தைத் தள வரைபடம் காட்டாது என்பதை மட்டும் மறக்கலாகாது. 210 செ.மீ. உயரமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள அலமாரியைப் படுக்க வைத்து உள்ளே கொண்டுவந்து நிமிர்த்தும்போது, அதன் பக்கவாட்டு மூலைவிட்டமான 218.4 செ.மீ. உயரம் தேவைப்படும். பரணின் அடிப்பகுதி 215 செ.மீ.-இல் இருந்தால், நின்றபின் மேலே 5 செ.மீ. இடம் மிஞ்சக்கூடிய அலமாரி, பரணுக்குக் கீழே நிமிரவே நிமிராது.

அளவே தேவைப்படாத கணக்குகளும் வரைபடத்தில் இருக்கின்றன. அறைகளைப் புள்ளிகளாகவும், கதவுகளைப் புள்ளிகளை இணைக்கும் கோடுகளாகவும், வீட்டுக்கு வெளியிடத்தை ஒரு தனிப் புள்ளியாகவும் வரைந்தால், எல்லாக் கதவுகளையும் தலா ஒருமுறை மட்டுமே கடந்து வர முடியுமா என்ற கேள்விக்கு ஆய்லர் 1736-இல் கோனிக்ஸ்பர்க் பாலங்களைப் பற்றிக் கண்ட விடையே பொருந்துகிறது: ஒரு புள்ளியிலிருந்து வேறெந்தப் புள்ளிக்கும் செல்ல வழியிருந்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் கதவுகள் உள்ள புள்ளிகள் இல்லாமலோ இரண்டே இருந்தாலோ முடியும், மிகுந்தால் முடியாது. அதுபோலவே, ஒரு கூடத்தின் எல்லா மூலைகளையும் பார்க்க எத்தனை கேமரா வேண்டும் என்பது 1973-இல் விக்டர் கிளீ எழுப்பிய கேள்வி. இடையே தூண்கள் இல்லாத, நேர்ச்சுவர்கள் கொண்ட இடத்தில், சுவர்கள் சந்திக்கும் மூலைகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து மீதியை விட்டுவிட்டால் வரும் எண்ணிக்கைக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்று 1975-இல் வாஷெக் க்வாட்டல் நிறுவினார். ஒவ்வொரு கேமராவும் எல்லாத் திசையிலும் பார்க்கும் என்பது இதன் அடிப்படை. பன்னிரண்டு மூலைகள் உள்ள கடைக்கு நான்கு கேமராக்கள் நிச்சயம் போதும்.

செய்ய வேண்டியது

பரப்பு, சுற்றளவு, விகிதம் ஆகியவற்றைத் தனித்தனிப் பயிற்சிகளாகக் கற்கும் மாணவர், தாம் வாழும் வீட்டின் வரைபடத்தில் அவற்றை ஒன்றாகச் சந்திக்கும்போது, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்கு உரியது என்பதைத் தாமே பிரித்தறியத் தொடங்குகிறார். அந்தப் பிரித்தறிவே கணித அறிவின் மையம். பெருக்கலைக் கைப்பேசியே செய்துவிடும். ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு டேப்பும் கட்டம் போட்ட தாளும் எடுத்து, பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, சொந்த வீடோ வாடகை வீடோ, தம் வீட்டை 1:50 அளவில் ஒருமுறை வரைந்துவிட வேண்டும். சுவர்த் தடிமனைத் தனியே குறியுங்கள். ஒவ்வோர் அறையின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். உயரங்களைப் பக்கத்தில் ஒரு பட்டியலாக வையுங்கள். அந்தத் தாளை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்து, அடுத்து எந்தப் பொருளுக்கு விலை கேட்கச் சென்றாலும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.